பச்சைக்குக் கீழே உப்பு

ஒக்டோபர் 3, வெள்ளி. இத்தா 98ஆம் நாள்

புழுக்கம். சோளகக் காற்று நின்றுவிட்டது, வாடைக் காற்று இன்னும் பிடிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் கிடந்து மன்னார்த் தாராபுரம் அவிகிறது. வெள்ளைச் சேலை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. யன்னல் திறக்கக் கூடாது. தெருவில் ஆண்கள் போவார்கள்.

என் புருஷன் மௌத்தாகி, நான் விதவைக்கான இத்தாவில் இருந்து தொண்ணூற்றெட்டு நாள். நாலு மாதம் பத்து நாள் முடிய இன்னும் முப்பது. அதுவரை இந்த அறை, வாசலில் இந்தத் திரை, துணைக்குச் சாச்சி. உம்மாவின் தங்கச்சி. ஒரு காது அடைப்பு, மற்றது அரைக்காது. எழுத்தும் தெரியாது. அதனால்தான் இந்தக் கொப்பியைப் பயமில்லாமல் தலையணைக்குக் கீழே வைக்க முடிகிறது. என் புருஷன் வாங்கி வைத்து ஒரு வரியும் எழுதாமல் விட்ட கொப்பி.

ஜும்ஆத் தொழுகை முடிந்து மூத்த மச்சான் வந்தார். என் புருஷனுடைய காக்கா, மூத்த அண்ணன். (இனி இங்கே மூ.ம. மட்டும். முழுக்க எழுத மை வீண்.) திரைக்கு அந்தப் பக்கம் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"வீடு வெளிறிப்போய்க் கிடக்கு. சனம் என்ன சொல்லும்? தம்பிக்காக நான் பெயின்ற் அடிப்பிக்கிறன். பச்சை. கொழும்பிலை இருந்து றெயில்லை வருது."

கேட்கவில்லை, சொன்னார். பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. முதல் கிழமையே சட்டம் போட்டிருந்தார்: இத்தாவில் இருக்கிற பெண்ணின் குரல் வெளியே கேட்கக் கூடாதாம். பள்ளிவாசல் லெப்பை சொன்னாராம். லெப்பை உண்மையில் சொன்னாரா என்று கேட்பதற்கும் ஒரு குரல் வேண்டுமே.

வாப்பா எனக்குக் கட்டித் தந்த வீடு. உறுதிப் பத்திரம் என் பேரில், அலுமாரிக்குள். வெளிறினால் வெளிறட்டும்.

சாச்சிக்கு மூ.ம. தொதல் இனிப்பும் கொண்டுவந்திருந்தார். "நல்ல மனிசன்" என்றார் சாச்சி, வாய் நிறையத் தொதலோடு.

ஒக்டோபர் 5, ஞாயிறு. 100ஆம் நாள்

ஏணி வந்தது. பெயின்ற் தகரம் பதினொன்று. பெயின்ற் அடிக்கிறவர் பெயர் செல்லையா, நறுவிலிக்குளத்து ஆள். வயல் இல்லாத மாதங்களில் இந்த வேலை. மன்னாரில் துரைமார் பங்களாக்கள் எல்லாம் அவர் கைதான் என்று மூ.ம. பெருமை அடித்தார்.

யன்னல் மூடியிருந்தாலும் காது மூடவில்லை. யன்னலுக்குக் கீழேயே நின்று மூ.ம. செல்லையாவுக்குச் சொன்னது, சொல்லுக்குச் சொல்:

"மாசக் கடைசியிலை மாப்பிள்ளை வீட்டார் வீடு பாக்க வருகினம். என்ரை மகள் பரீதாவுக்கு இந்த வீடுதான் சீதனம். தம்பி வாயாலை தந்தவன். பிள்ளையும் இல்லை, குட்டியும் இல்லை, அவளுக்கு ஏன் இவ்வளவு பெரிய வீடு? இத்தா முடிய என்ரை வீட்டுப் பின்னறையிலை கொண்டுபோய் வைப்பம்."

இதுதானா பச்சைப் பெயின்ற்.

என் புருஷன் ஒருபோதும் தந்திருக்க மாட்டார். தருவதற்கு அவருடைய வீடும் இல்லை. பதினேழு வருடம் இந்த வீட்டில் அவர் மாப்பிள்ளையாக இருந்தார், ஒரு நாளும் "என் வீடு" என்று சொன்னதில்லை. "உன்ரை வாப்பான்ரை மாளிகை" என்றுதான் சொல்வார், கிண்டலாக.

பிள்ளையும் இல்லை, குட்டியும் இல்லை. சொல்லட்டும். எனக்குத் தெரியாத செய்தியா?

சாச்சியிடம் சொன்னேன். மூன்று தரம் சொன்ன பிறகுதான் விளங்கியது. தொதல் தட்டைத் தூக்கிக் கோழிக்குக் கொட்டினார். பாதிதான் மிச்சம் இருந்தது, என்றாலும் கொட்டினார்.

ஒக்டோபர் 6, திங்கள். 101

காலையில் செல்லையா முன்சுவரைச் சுரண்டினார். பிறகு சத்தம் இல்லை. சாச்சி எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "அந்த மனிசன் சுவரை நக்குது!"

உண்மைதான். நாக்கு நுனியை வைத்துப் பார்க்கிறதாம். அவர்களுடைய தொழிலில் அப்படித்தான் உப்புப் பார்ப்பார்களாம்.

"முதலாளி, உப்பு. இது கடல் மண்ணிலை பூசின சுவர். ஒயில் பெயின்ற் நிக்காது. சுண்ணாம்புதான் சரி, சுவர் மூச்சு விடும்."

"நீ பெயின்ற் அடிக்க வந்தனியோ, சுவர் நக்க வந்தனியோ? ஆத்து மண்ணிலை கட்டின வீடு. எனக்குத் தெரியாதோ?"

மூ.ம.வுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வாப்பா தோணிக்காரர். ஆற்று மண் மாடு குளித்த மண், கடல் மண்ணை அல்லாஹ் ஒவ்வொரு நாளும் கழுவித் தருகிறான் என்று சொல்லி, கீரிக் கடற்கரையில் இருந்து தோணி தோணியாக மண் ஏற்றி வந்து கட்டினார். மேசன்மார் கெஞ்சினார்கள். கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன் இந்தச் சுவர்கள் வேர்க்கும், உப்புப் பூக்கும். என் புருஷன் ஒவ்வொரு வருடமும் சிப்பிச் சுண்ணாம்பு கரைத்து, ஒரு பிடி நீலம் போட்டுத் தானே அடிப்பார். நான் வாளி பிடிப்பேன். வேண்டுமென்றே என் மேல் தெறிப்பார்.

அவர் சுண்ணாம்பு அடித்த தும்புக் கட்டு இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, சுண்ணாம்பு இறுகி. போன வருடத்துச் சுண்ணாம்பு.

மூ.ம. போன பிறகு செல்லையா திரைக்கு அருகில் வந்து சாச்சியிடம் கேட்டார். "ஆச்சி, உள்ளுக்கை இருக்கிற அம்மாட்டை ஒருக்கால் கேளுங்கோ. இது என்ன மண்?"

சாச்சி உள்ளே வந்து, "மணி என்னவாம்?" என்றார்.

எனக்கு நன்றாகக் கேட்டிருந்தது. மண் என்றுதான் கேட்டார். "கடல் மண்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். பெயின்ற் தகரம் திரும்பக் கொழும்புக்குப் போயிருக்கும். சுண்ணாம்பு அடித்து, அழகாக, வெள்ளையாக, என் வீட்டைப் பரீதாவுக்குக் கொடுத்திருப்பார்கள்.

"பத்து மணி எண்டு சொல்லுங்கோ சாச்சி" என்றேன்.

செல்லையா சுரண்டியைச் சுவரில் தட்டித் துடைத்தார். பிறகு, "ஓ. பத்து மணியெண்டால் வேலை தொடங்க நல்ல நேரம்தான்" என்றார்.

விளங்கிவிட்டது அவருக்கு: எனக்குக் கேட்டது, சொல்ல விருப்பமில்லை.

ஒக்டோபர் 8, புதன். 103

நேற்றே முதல் பூச்சு முடிந்தது. நாற்றம். தலையிடி. ஓதவும் முடியவில்லை, சோறும் இறங்கவில்லை. எண்ணெய் மணம் குடிதண்ணீரிலும்.

பெயின்ற் காயவில்லை. காற்றில் அவ்வளவு ஈரம். சாச்சி இதுவரை எண்ணியபடி சுவரில் ஒட்டியவை:
கொசு (எண்ணிக்கை இல்லை)
ஒரு தும்பி, உயிரோடு
கோழி இறகு
தெருப் புழுதி, யன்னல் உயரம் வரை
சாச்சியின் வலது கை (மண்ணெண்ணெய் போட்டுக் கழுவியது)
மூ.ம.வின் தொப்பி

கடைசியாக உள்ளதற்கு அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். பிறகு தவ்பா செய்து மன்னிப்பும் கேட்டேன்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. பெயின்ற் கழன்றால் செல்லையாவைத்தானே பிடிப்பார்? வாய் மூடி இருந்தது நான், அடி வாங்குவது அவரா? காலையில் இருந்து என் மேலேயே எனக்கு எரிச்சல்.

ஒக்டோபர் 9, வியாழன். 104

செல்லையா என்னைவிடக் கெட்டிக்காரர். பாங்கு சொல்கிற பள்ளி மோதினார் வாசலால் போகும்போது மறித்து, அவர் காதுபட மூ.ம.விடம் உரக்கக் கேட்டார்.

"கடைசியாக் கேக்கிறன், முதலாளி. நான் உப்பெண்டு சொல்லுறன். நீங்கள் அடியெண்டு சொல்லுறியள். அப்பிடித்தானே?"

"அடி எண்டால் அடியன்!"

"மோதினார் ஐயா, கேட்டுக்கொண்டியளோ?"

"ஓம், கேட்டன்" என்றார் மோதினார்.

நெஞ்சு கொஞ்சம் ஆறியது. கொஞ்சம்தான்.

அசர் தொழுகைக்குப் பிறகு தெருக் கழுதை ஒன்று பின்சுவரில் நன்றாக முதுகு தேய்த்துவிட்டுப் போனது. ஒரு பக்கம் பச்சைக் கழுதை இப்போது தாராபுரம் முழுவதும் உலாவுகிறதாம். மூ.ம. கல்லை எடுத்துக்கொண்டு துரத்தினாராம். கழுதையைப் பிடித்துச் சுவருக்குப் பெயின்றைத் திருப்பி வாங்கப் போகிறாரோ என்னவோ.

ஒக்டோபர் 12, ஞாயிறு. 107

இன்று சொல்ல வாய் வரவில்லை. எழுதுகிறேன்.

முன்வாசல் நிலைக்கு மேலே வாப்பா எழுதிய எழுத்து இருக்கிறது. வீடு பூசி முடித்த அன்று, சாந்து ஈரமாக இருக்கும்போதே மேசனின் கரண்டியைப் பிடுங்கி, முனையால் தானே கீறினார்: மகள் றாபியாவின் வீடு. வாப்பா அவ்வளவாகப் படித்தவர் இல்லை. வீடு என்பதற்குச் சுழி போட மறந்து "விடு" என்று எழுதிவிட்டார். மேசன் சொன்னபோது சாந்து இறுகிவிட்டது. கலியாணத்தன்று என் புருஷன் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, "மாமா எனக்குக் கட்டளை எழுதி வச்சிருக்கிறார்போலை" என்று சிரித்தார். பிறகு ஒவ்வொரு சண்டையிலும் அதுதான். நான் கத்தினால், அவர் நிலைக்கு மேலே கையைக் காட்டுவார். விடு.

மூ.ம. இன்று செல்லையாவிடம்: "உதைச் சீமெந்து போட்டு அடைச்சிட்டு மேலாலை அடி."

அடைக்கச் சொல்கிறார். என் பேரை. என் வாப்பாவின் கையெழுத்தை. சத்தம் போட்டுக் கத்த வாய் திறந்தேன். சாச்சி பாய்ந்து வந்து வாயைப் பொத்தினார். "இன்னும் கொஞ்ச நாள் மகள், இன்னும் கொஞ்ச நாள்" என்று. சாச்சியின் கையில் இன்னும் மண்ணெண்ணெய் மணம்.

அல்லாஹ் விதித்த இத்தாவில் எனக்குக் கோபம் இல்லை. அவருக்காக நாலு மாதம் என்ன, நாற்பது மாதமும் இருப்பேன். அதை எடுத்து என் வாய்க்குள் அடைத்த மனிதன் மேல்தான் கோபம்.

செல்லையா: "சீமெந்து இப்ப இறுகாது முதலாளி, ஈரக் காத்து. புட்டிப் பசை வச்சு அடைச்சால் மட்டமா நிக்கும்."

"என்னத்தையெண்டாலும் வை. எழுத்துத் தெரியப்படாது."

எழுத்துத் தெரியவில்லையாம். சாச்சி வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

ஒக்டோபர் 14, செவ்வாய். 109

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை. மீன் விற்க வந்தவள் "என்ன வடிவான வீடு" என்று வாசலில் நின்று சொன்னாள். நாசமாய்ப் போக. (அவளை இல்லை.)

ஒக்டோபர் 17, வெள்ளி. 112

இன்று என் அறை.

காலையில் மூ.ம. நாலு ஆட்களுடன் வந்தார். பெயின்ற் அடிக்க நாலு ஆள் எதற்கு? திரைக்கு வெளியில் நின்று சாச்சியிடம் சொன்னார்: "அவளை அடுப்படிக்குப் போகச் சொல்லுங்கோ. இந்த அறையும் அடிக்க வேணும். அலுமாரியைத் தூக்கி என்ரை வீட்டை கொண்டுபோறம். பெயின்ற் காயுமட்டும்."

அலுமாரி. உறுதி. இந்தப் பெயின்ற் எந்தக் காலத்தில் காயும் என்று எனக்குத் தெரியும்.

எழும்பவில்லை. அலுமாரியின் முன்னால் பாயை இழுத்துப் போட்டு, கதவில் முதுகு சாய்த்து, காலை நீட்டி இருந்தேன். அலுமாரிப் பூட்டின் திறப்பு இடுப்பில். சாச்சியை அருகில் கூப்பிட்டு, நல்ல காதில் சொன்னேன். சாச்சி போய், தன் வழக்கப்படி ஊருக்கே கேட்க அறிவித்தார்.

"அவள் எழும்பமாட்டாளாம்! இத்தாவிலை இருக்கிற பொம்பிளை இருக்கிற அறைக்குள்ளை ஆம்பிளை வரப்படாதாம்! லெப்பை சொன்னவராம்!"

நாலு ஆட்களில் ஒருவர் இருமினார். இருமலா சிரிப்பா தெரியவில்லை. மூ.ம.வின் செருப்பு முன்னும் பின்னும் நடந்தது. அவருடைய சட்டம் அவரையே வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறது.

செல்லையாதான் பேசினார். "அப்ப அந்த அறையை விடுவம், முதலாளி. உள்ளறையை ஆர் பாக்கப் போகினம்?"

ஆட்கள் போய்விட்டார்கள். ளுகர் தொழுகை வரை அப்படியே இருந்தேன். எழும்பும்போது கால் மரத்துப்போய் விழப் பார்த்தேன். அழுதேன். கோபத்தில்தான்.

ஒக்டோபர் 20, திங்கள். 115

வேலை முடிந்தது. செல்லையா ஏணியைக் கட்டிக்கொண்டு போனார். போகும்போது சாச்சியிடம்: "ஆச்சி, அம்மாட்டைச் சொல்லுங்கோ. நான் வச்சது வெறும் சோக்குத் தூள் புட்டி. மழைக்கு என்ன செய்யுமெண்டு எனக்குத் தெரியாது."

சாச்சி உள்ளே வந்து, "பெட்டியை மழையிலை வைக்க வேண்டாமாம்" என்றார்.

ஓம் சாச்சி, வைக்கமாட்டேன்.

ஒக்டோபர் 24, வெள்ளி. 119

வானம் கறுத்து, மழை இல்லாமல். காற்றுச் செத்துவிட்டது. சுவர் வேர்க்கத் தொடங்கிவிட்டது.

என் அறைச் சுவர் மட்டும் சுண்ணாம்பு. ஈரம் எடுக்கிறது, மத்தியானம் விடுகிறது. வெளி மண்டபத்தில் பச்சை கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருக்கிறதாம். சாச்சி ஒன்றை விரலால் குத்தினார், தண்ணீர் வந்ததாம். நக்கிப் பார்த்தாராம்.

"உப்பு" என்றார், கண்ணை உருட்டி. இந்த வீட்டில் எல்லோரும் சுவர் நக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மூ.ம. வந்து பார்த்தார். செல்லையாவைத் திட்டினார், கழுதையைத் திட்டினார், வெயில் இல்லை என்று வானத்தைத் திட்டினார். பள்ளிப் பக்கம் போய் முறையிட்டாராம். "நீங்கள்தானே அடியெண்டு சொன்னனீங்கள்" என்றாராம் மோதினார்.

ஒக்டோபர் 27, திங்கள். 122

சுபஹ் தொழுகை நேரத்தில் இருந்து மழை. வாடை பிடித்துவிட்டது. தவளைச் சத்தம். கூரையில் இரண்டு இடத்தில் ஒழுக்கு, சட்டி வைத்தாயிற்று.

புதன்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். மூ.ம. கொப்புளம் வந்த இடங்களில் எல்லாம் அலங்காரத் துணி தொங்கவிட்டிருக்கிறார். வீட்டுக்குச் சேலை உடுத்தின மாதிரி இருக்கிறதாம்.

நிலைக்கு மேலே துணி போடவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று அவருக்கே மறந்துவிட்டது போல.

ஒக்டோபர் 28, செவ்வாய். 123

மழை. மழை. ஈரச் சேலை காயவில்லை.

சாச்சி குடையோடு வாசலுக்குப் போய்விட்டு வந்தார். உள்ளங்கையில் வெள்ளைத் துண்டு ஒன்று, ஒரு பக்கம் பச்சை. அரைவட்டமாக வளைந்து. புட்டி. "ற"வின் வயிறாக இருக்கலாம், "ள்"ளின் கழுத்தாக இருக்கலாம். உப்புத் தள்ளிவிட்டது.

தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

ஒக்டோபர் 29, புதன். 124

வந்தார்கள். பதினொரு மணி. மழை விட்டு வெயில் சுள்ளென்று. ஈரம் எல்லாம் ஆவியாக மேலே வருகிறது.

தெரு முனையிலேயே பச்சைக் கழுதை எதிரே வந்ததாம். அதைப் பார்த்துப் பெண்கள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா பட்டுச் சேலையோடு மண்டபச் சுவரில் சாய்ந்தாராம். எழும்பும்போது பச்சைத் தோல் ஒன்று, பாய் அகலம், அவரோடு எழும்பி வந்ததாம். கூக்குரல். மூ.ம. "ஈரம்தான், ஈரம்தான், காய்ஞ்சிடும்" என்கிறார். யாரோ தொங்கிய துணியை விலக்கினார்களாம். அதற்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று உப்பு.

நான் அறைக்குள். திரைக்கு இந்தப் பக்கம். முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு சத்தத்தையும் தின்றுகொண்டு. சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கோபம்தான் இன்னும் வந்தது. வாப்பா கட்டிய சுவர், என் புருஷன் வருடா வருடம் கழுவித் துடைத்த சுவர், ஊரார் முன்னால் தோல் உரிந்து நின்றது. அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

மாப்பிள்ளையின் பெரியவாப்பா ஒருவர், பள்ளிக்கூட மாஸ்ரர், முன்வாசலில் நின்றார். அண்ணாந்து பார்க்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது. எழுத்துக் கூட்டுகிறார்.

"ம… க… ள். மகள். இதிலை ஏதோ எழுதிக்கிடக்கே, மரைக்கார்?"

"அது சும்மா. மழைக் கீறல்" என்றார் மூ.ம.

"இல்லை, எழுத்து. மகள்… றா… உங்கடை மகள்ட பேரோ?"

"ஓம், ஓம். பரீதான்ரை பேர்தான்."

"பரீதாவிலை றா எங்கை வருது?"

யாரோ சிரித்தார்கள். மாஸ்ரர் விடவில்லை. ஏணி கேட்கிறார். சாச்சி, என் சாச்சி, ஓடிப் போய்க் கதிரை கொடுத்தார். கதிரையில் ஏறி, மிச்சப் புட்டியை நகத்தால் தட்டித் தட்டி விழுத்துகிற சத்தம். ஒவ்வொன்றும் சீமெந்துத் தரையில் விழுந்தது. எனக்குக் கேட்டது.

"றா… பி… யா… வின். றாபியாவின் விடு. விடு எண்டு கிடக்கு. ஆர் இந்த றாபியா? ஆரின்ரை வீடு இது?"

மூ.ம. தொண்டையைச் செருமினார்.

"அது பழைய எழுத்து, மாஸ்ரர். அந்தக் காலத்து ஆக்கள். எல்லாரும் மௌத்து."

எழும்பினேன். திரையைத் தொடவில்லை, விலக்கவில்லை. இன்னும் நாலு நாள் இருக்கிறது, இருப்பேன். ஆனால் நூற்றிருபத்து நாலு நாளாக உள்ளே கிடந்த குரல் முற்றம் தாண்டிப் போனது.

"மௌத்தாகேல்லை. உள்ளுக்கை இருக்கிறன். மாஸ்ரர் வாசிச்சது சரி, மச்சான். விடுங்கோ."